வியாழக்கிழமை டீச்சர்

அவருக்குக் காத்திருக்கத் தெரியும். அதைத் தவிர அவரிடம் வேறு என்ன திறமை இருந்தது என்று என்னால் இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பிள்ளைகளின் மனசையும் புத்தியையும் பார்த்துச் சொல்கிற படிப்பு படித்தவர் என்று எங்கள் தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார். மெட்ராஸில் ஒரு காலேஜ் அவரை அனுப்பியிருந்தது. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் படிப்பு ஏறாத பிள்ளைகளைப் பார்த்து, ஏன் ஏறவில்லை என்று சொல்ல வேண்டும், அதுதான் வேலை. அப்படி ஒரு வேலை இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அடித்தால் ஏறும், அடித்தும் ஏறாவிட்டால் மண்டையில் ஒன்றுமில்லை என்று இரண்டே வகையாகப் பிள்ளைகளைப் பிரித்து வைத்திருந்த காலம் அது.

1991. பென்னலூரில் கிறிஸ்தவ சபை நடத்திய ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் நான் இரண்டாம் வகுப்பு டீச்சர். சுற்றிலும் நெல்லும் ஏரியும்தான். பிள்ளைப்பாக்கம் பக்கம் யாராவது நிலத்தை அளந்துகொண்டு நின்றால் ஊரே கூடி வேடிக்கை பார்க்கும். இன்றைக்கு அங்கே கம்பெனி ஷிப்ட் பஸ்களுக்கு நடுவே ரோட்டைத் தாண்டுவதே பெரும்பாடு. அன்று பூந்தமல்லி வழியாக வரும் பஸ்ஸிலிருந்து வியாழக்கிழமை தோறும் அவர் ஒருவர்தான் எங்கள் பள்ளிக்கூடத்துக்காக இறங்குவார். பச்சை ரெக்ஸின் பை, கஞ்சி போடாத காட்டன் புடவை. வாட்சை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார். நேரம் பார்ப்பது பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாதாம். பிள்ளைகள் அவருக்கு வியாழக்கிழமை டீச்சர் என்று பேர் வைத்தார்கள். சொந்தப் பேரை நான் எழுதப் போவதில்லை. எழுதினாலும் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவரிடம் எனக்கிருந்த சங்கடமே அதுதான்.

பிள்ளையை எதிரில் உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்பார். பிறகு சும்மா இருப்பார். பிள்ளை விழிக்கும், கூரையைப் பார்க்கும், மூக்கைச் சொறியும். பக்கத்தில் இருக்கிற நமக்கு வாய் துறுதுறுக்கும். ஒரு தரம் நான் தாங்காமல் முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

“உதவி பண்ணாதீங்க டீச்சர். இன்னும் யோசிச்சிக்கிட்டு இருக்கான்” என்றார்.

“யோசிக்கலைங்க. முழிக்கிறான்.”

“வெளியிலேருந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.”

பதில் சரியாக இருந்தாலும் தப்பாக இருந்தாலும் அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. “சரி, அடுத்தது” என்பார், ஒரே குரலில். பிள்ளைகள் அந்த முகத்தைத் துழாவித் துழாவிப் பார்த்துவிட்டு, கடைசியில் வேறு வழியில்லாமல் தங்கள் மூளையையே நம்ப ஆரம்பிக்கும். அதற்காகத்தான் அப்படி வைத்துக்கொள்கிறாராம். ஆனால் முகம் அதற்கே பழகிப்போயிருந்தது. ஒரு நாள் நான் எலுமிச்சை சாதம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நன்றாக இருந்ததா என்று தெரிந்துகொள்ளச் சாயங்காலம் வரை அவரையே சுற்றிச் சுற்றி வந்தேன். “சாப்பிட்டேன் டீச்சர்” என்று டப்பாவைக் கழுவிக் கொடுத்தார்.

அந்த வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதற்கப்புறம் எங்கள் பக்கம் எப்படி இருந்தது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். விசாரிக்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தெரு தெருவாக, வீடு வீடாக. யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்து, மரியாதையாகத்தான் கேட்டார்கள். அன்றைக்கு எங்கே இருந்தீர்கள், யாரைப் பார்த்தீர்கள், யார் வந்து தங்கினார்கள். ஆனால் ஒருவன் ஒன்று சொல்ல, அவன் தம்பி வேறொன்று சொல்லிவிட்டால், இரண்டு பேரையும் மெட்ராஸுக்குக் கூப்பிட்டார்கள். ஜனங்களுக்கு அதிலிருந்து ஒரு பாடம் கிடைத்தது. வாயைத் திறக்காத வீட்டுக்கு மறுபடியும் ஜீப் வருவதில்லை. தாய்மார்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். புது ஆள் யார் எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்.

இந்த ஊருக்குத்தான் ஜூலை மாதம் இவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார், பிள்ளைகளைக் கேள்வி கேட்க.

முதல் நாள் வந்த பையனிடம், காக்கா என்ன கலர் என்று கேட்டார். தெரியாது என்றான். உனக்கு எத்தனை கை என்று கேட்டார். தெரியாது. உன் பேர் என்ன? “தெரியாதுங்க டீச்சர்.” அடுத்த பெண்ணும் அப்படியே. அதற்கடுத்தவனும் அப்படியே. எனக்குச் சிரிப்பு அடக்க முடியாமல் வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் சிரிக்கவுமில்லை, சலிக்கவுமில்லை. பையை மூடிக்கொண்டு, “இவங்களுக்கு யார் என்ன சொல்லிக் குடுத்திருக்காங்க?” என்று கேட்டார். சொன்னேன்.

அடுத்த வியாழக்கிழமை அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. வேப்பமரத்தடியில் பாயைப் போட்டு, பையிலிருந்த மரக்கட்டைகளைக் கொட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதற்கடுத்த வாரமும். பிள்ளைகள் ஒன்றொன்றாக வந்து கட்டையைத் தொட்டன. ஆகஸ்ட் கடைசியில் அவரிடம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. எதையும் கேட்காமலே அந்தப் பிள்ளைகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதை எல்லாம் தெரிந்துகொண்டார். எந்தப் பையனுக்குக் கண்ணில் கோளாறு, எவனுக்கு வீட்டில் சோறு இல்லை, எவன் சும்மா சோம்பேறி என்று அவர் சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது.

இந்தக் காத்திருப்பு பெரியவர்களிடமும் வேலை செய்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. மத்தியானம் டீச்சர்கள் ரூமில் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். அவர் ஒன்றும் கேட்க மாட்டார். மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டு நம்மைப் பார்ப்பார், அவ்வளவுதான். அந்த மௌனத்தை நிரப்ப நாம் எதையாவது உளற வேண்டியிருக்கும். எனக்கு நிச்சயம் ஆகி நின்றுபோன கல்யாணத்தைப் பற்றி நான் கூடப்பிறந்த அக்காவிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. இவரிடம் ஒரு நாள் ஊறுகாய் ஜாடியைத் திறந்துகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முடித்ததும் அழுகை வந்தது, அதோடு கோபமும் வந்தது.

“நீங்க ஏதாவது சொல்லுங்களேன்” என்றேன்.

“நீங்க இன்னும் முடிக்கலையோன்னு நினைச்சேன்” என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். முடிக்காமல் வைத்திருந்தது ஒன்று இருந்தது. அதையும் சொன்னேன்.

அவர் தன்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று யோசித்துப் பார்க்கிறேன். அப்பாவுக்குப் பக்கவாதம் என்று ஒரு தரம் சொன்னார். ஒரு வார்த்தை வெளியே வர அவருக்கு ரொம்ப நேரம் ஆகுமாம். வீட்டில் மற்றவர்கள் ஆளுக்கொரு வார்த்தையை ஊகித்து அவர் வாயில் போடுவார்களாம். தண்ணியா, போர்வையா, ஃபேனா என்று. “அவர் கேட்டது வேற ஏதோ. அது என்னன்னு யாருக்கும் தெரியாமலே போயிட்டாரு” என்றார். சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

இனி பவானியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவளை எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்து, செங்கல்பட்டுப் பக்கம் வாய் பேசாத பிள்ளைகளுக்கான ஒரு விடுதிக்கு அனுப்பிவிட்டார்கள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை உங்களைப் பதைபதைக்க வைக்க எனக்கு மனசு வரவில்லை.

பவானி என் வகுப்புப் பெண். ஒன்றும் இரண்டும் ஒரே ரூமில்தான் நடக்கும், அதனால் போன வருஷமும் அவள் என்னிடம்தான். ஏப்ரல் வரைக்கும் அவள் வாயை மூட வைப்பதுதான் எனக்கு வேலை. பக்கத்துப் பெண்ணோடு பேச்சு, ஜன்னலோடு பேச்சு, பேச ஆள் கிடைக்காவிட்டால் சிலேட்டோடு பேச்சு. அவள் அப்பா பந்தல் போடுகிற ஒருவரிடம் கூலி வேலை செய்தார். அந்த மே மாதக் கூட்டத்துக்குச் சவுக்குக் கட்டை நட்ட ஆட்களில் அவரும் ஒருவர். பகல் முழுக்க மகளையும் கூட வைத்துக்கொண்டு வேலை செய்துவிட்டு, சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார். அவ்வளவுதான் அவருக்கும் அதற்கும் உள்ள சம்பந்தம். ஆனால் கட்டை நட்டவர்களை விசாரிக்காமல் எப்படி இருப்பார்கள்? கூப்பிட்டார்கள், அனுப்பினார்கள், மறுபடியும் கூப்பிட்டார்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது பவானி பேசவில்லை. தெரியாது என்றுகூடச் சொல்லவில்லை. வருகைப் பதிவில் பேர் கூப்பிட்டால் எழுந்து நிற்பாள், உட்காருவாள்.

தலைமை ஆசிரியை நல்லவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பிள்ளைகளுக்குத் தன் கைக்காசில் பிஸ்கட் வாங்கிக் கொடுப்பவர். ஆனால் மற்ற பிள்ளைகளைப் பெற்றவர்கள் வந்து, அந்தப் பெண்ணைப் பார்த்து எங்கள் பிள்ளையும் ஊமையாகிவிடும் என்று சண்டை போட்டார்கள். அவர் வியாழக்கிழமை டீச்சரிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

“கிறிஸ்மஸ் லீவு விடுததுக்குள்ள எம்முன்னால நின்னு அது பேர அது சொல்லட்டும். ஒரே ஒரு தரம். நான் யார்ட்டயும் பதில் சொல்லிக்கிடுதேன். இல்லாட்டி அங்க அனுப்பிருவோம். வேளாவேளைக்குச் சோறாவது கிடைக்கும்.”

அதிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் கடைசி ஒரு மணி நேரம் பவானிக்கு. மரத்தடியில் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வார்த்தை கிடையாது. கட்டைகளை அடுக்குவார்கள். அவர் காட்டுகிற அட்டையில் இருக்கும் கோலத்தைப் பவானி என் கண்ணெதிரில் மளமளவென்று அடுக்கினாள். அதைப் பார்த்து நான் அடுக்க முயன்று பாதியில் விட்டுவிட்டேன். புத்தியில் குறையில்லை என்பது முதல் மாதமே தெரிந்துவிட்டது. கூப்பிட்டால் காது கேட்கிறது, சொன்னால் புரிகிறது. பேசத்தான் இல்லை.

எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. “ஒரு கட்டைய ஒளிச்சு வைங்க. எங்கன்னு கேக்கட்டும். கேட்டாத்தான் குடுப்பேன்னு சொல்லுங்க” என்றேன்.

“ஏமாத்தி ஒரு வார்த்தை வாங்கினா அது அவ பேசினதா ஆகாது டீச்சர். நான் பிடுங்கினதா ஆகும். அவகிட்டேருந்து பிடுங்க ஏற்கெனவே ஆள் வந்தாச்சு.”

“அப்ப பேசினான்னு எழுதியாவது குடுங்க. யார் வந்து பார்க்கப் போறாங்க?”

நான் கேட்டது எனக்கே கேட்கட்டும் என்று விட்டுவிட்டார்.

பல வருஷம் கழித்து, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. வாட்ச் அப்போதும் உள்பக்கம்தான். சிரித்தார். பிறகு வழக்கம்போலச் சும்மா இருந்தார். நான் என் வீட்டுக்காரரின் சர்க்கரை வியாதி, ஒரகடத்தில் பையன் வேலை பார்க்கிற கம்பெனி, மருமகளின் கோபம் என்று ரயில் வரும்வரை பேசித் தீர்த்தேன். பவானியின் பேரை நான் எடுக்கவில்லை. எடுப்பேன் என்று அவர் காத்திருந்திருக்க வேண்டும். ரயில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், அவர் எங்கே போகிறார் என்றுகூட நான் கேட்கவில்லை என்பது தோன்றியது.

அந்த வருஷம் நவம்பர் மழையில் ஒரு வியாழக்கிழமை, அவர் என்னைக் கூட்டிக்கொண்டு பவானியின் வீட்டுக்குப் போனார். ஓலைக் கூரை பின்பக்கம் ஒழுகிக்கொண்டிருந்தது. அப்பா மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்; எழுந்திருக்கவில்லை. அம்மா அலுமினியக் குண்டானை ஒழுகும் இடத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

“வூட்ல பேசுறாளாம்மா?” என்று நான்தான் கேட்டேன்.

“இல்ல டீச்சர். தலையத்தான் ஆட்டிக்கினு கீது. தூக்கத்துல பேசுது. கட்ட எண்ணுது, அவங்கப்பன் நட்ட கட்டைய. ஒண்ணு ரெண்டுன்னு தெளிவா எண்ணுது. எந்திரிச்சா வாய மூடிக்குது.”

வியாழக்கிழமை டீச்சர், நான் அதுவரை கேட்காத மெல்லிய குரலில் சொன்னார்.

“உங்க பொண்ணுக்கு நோய் ஒண்ணும் இல்லம்மா. சொன்ன பேச்சைக் கேக்குற பொண்ணு. நீங்க பேசாதேன்னு சொன்னீங்க, பேசாம இருக்கா. நான் எத்தனை வருஷம் உக்காந்திருந்தாலும் பிரயோஜனம் இல்ல. பேசுன்னு நீங்கதான் சொல்லணும்.”

“சொல்ல மாட்டேன்” என்றார் அந்த அம்மா. குரல் உயரவில்லை. “அது எதுனா ஒண்ணு ஒளறும். கொழந்த தானே. எங்கப்பன் அவங்கிட்ட பேசுனாரு இவங்கிட்ட பேசுனாருன்னு சொல்லும். அன்னிக்கி பந்தல்ல ஆயிரம் பேரு வந்துபோயிருப்பான். மறுபடியும் ஜீப்பு வந்தா இந்த மனுசன் உசுரோட இருக்க மாட்டாரு. நீங்களே பாக்குறீங்க இல்ல, எப்டி கெடக்குறாருன்னு. கேஸு முடியட்டும். அப்பால பேசட்டும்.”

“கேஸ் எப்ப முடியும்னு யாருக்கும் தெரியாதேம்மா.”

“அது வரிக்கும் ஊமையாவே இருந்துட்டுப் போவட்டும்.”

குண்டான் நிரம்பி வழிந்தது. திரும்பி வரும்போது அவரிடம் நான், என்ன பொம்பளை இவள் என்று திட்டிக்கொண்டே வந்தேன். “அவங்களுக்கு ரெண்டு பேரையும் காப்பாத்தணும்” என்றார். சேற்றில் செருப்பு அறுந்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார்.

கிறிஸ்மஸ் லீவுக்கு முந்தைய வியாழக்கிழமை. விடுதிக்கு அனுப்ப வேண்டிய ஏற்பாடெல்லாம் முடிந்துவிட்டது. தலைமை ஆசிரியை ரூமில் பவானி நின்றுகொண்டிருந்தாள். எண்ணெய் வைத்து, ரிப்பன் கட்டி, மடிப்புக் கலையாத புதுப் பாவாடை. எனக்கு அவளைப் பார்க்கத் தைரியமில்லை. அப்போது அவள் அம்மா வந்தார். மூச்சிரைக்க, வயலிலிருந்து காலில் சேற்றோடு. வாசற்படியிலேயே நின்று, “இன்னொரு தபா பாக்கலாமா டீச்சரம்மா? நானே சொல்றேன்” என்றார்.

வியாழக்கிழமை டீச்சர் எழுந்து, தன் நாற்காலியைப் பவானிக்கு எதிரில் இழுத்துப் போட்டார். அந்த அம்மா அதில் உட்காரவில்லை. மகளுக்கு முன்னால் தரையில் மண்டி போட்டார்.

“பேசு கண்ணு. உம் பேர சொல்லு. பெரிய டீச்சருக்குச் சொல்லு.”

பவானி பேசவில்லை. நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். அன்றைக்குத்தான் அந்தக் காத்திருப்பின் எடையை நான் முழுசாக அறிந்தேன். வெளியே பிள்ளைகள் கிறிஸ்மஸ் பாட்டு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை, கடவுளே, ஒரே ஒரு வார்த்தை என்று நான் வேண்டிக்கொண்டேன்.

பவானி வாயை இறுக்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது. ஆறு மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். எங்கள் யாருக்கும் தெரியாத ஒன்று அம்மாவுக்கும் அவளுக்கும் தெரியும் என்கிற சிரிப்பு.

அந்த அம்மாவின் முகம் அப்படியே வெளுத்துப்போயிற்று.

“இன்னாம்மா ஆச்சு?” என்றேன்.

“நாந்தான் சொல்லிவெச்சேன்.” அவர் என்னைப் பார்க்கவில்லை, மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “பெத்தவள வுட்டே கேக்க வெப்பாங்கன்னு ஊர்ல பேசிக்கினாங்க. அத கேட்டுட்டு சொன்னேன். நானே வந்து கேட்டாலும் சொல்லாத, அழுதுக்கினு கேட்டாலும் சொல்லாத, அவங்க கேக்க சொல்லித்தான் கேப்பேன்னு சொன்னேன். மறந்தே போச்சு டீச்சர். நான் மறந்துட்டேன், அது மறக்கல.”

பிறகு மகளின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். “அது அப்போ சொன்னது கண்ணு. இப்போ நெசமாவே சொல்றேன். பேசும்மா. அம்மா நெசமாவே சொல்றேன்.” அழ ஆரம்பித்துவிட்டார்.

வியாழக்கிழமை டீச்சர், “போதும்மா, விட்டுடுங்க” என்றார். அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்த்தேன். அதில் எல்லாமே தெரிந்தது. யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம்.

பவானி அவரைப் பார்க்கவில்லை. அம்மா அழ அழ அவள் இன்னும் நிமிர்ந்து நின்றாள். சேறு படிந்த அந்தக் கைகளுக்குள், உதட்டை இறுக்கிக்கொண்டு, அம்மா வீட்டுக்குப் போனதும் தன்னை மெச்சிக்கொள்ளப் போகிறாள் என்கிற நிச்சயத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.